சாயல்குடி முதல் தனுஷ்கோடி வரை, சொந்தக்காரர் வீடுகள் வழியாக

வியாழன் இரவு, சாயல்குடி பக்கத்துக் கிராமம்

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டை ஒப்படைத்த கையோடு கிளம்பிவிட்டோம். ராமநாதபுரம் கடற்கரையைத் தெற்கு ஓரத்திலிருந்து தனுஷ்கோடி வரை காரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டாம் ஆண்டிலிருந்தே பேசிக்கொண்டிருந்தோம். நான்கு பெண்கள் தனியாகப் போக எந்த வீட்டிலும் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் எல்லா வீட்டிலும் பேசிவைத்ததுபோல் ஒரே நிபந்தனை வந்தது. லாட்ஜில் தங்கக் கூடாது, சொந்தக்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் எங்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

பெயர்களை எழுத வேண்டாம் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியில் நாங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம் என்பதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வண்டி ஓட்டுபவள் மதுரைக்காரி. அவள் அப்பாவின் பழைய ஆம்னிதான் எங்கள் வண்டி. உம்மா வழியில் கீழக்கரையில் சொந்தம் உள்ளவள் கீழக்கரைக்காரி. அம்மாவின் சித்தப்பா மகள் தங்கச்சிமடத்தில் இருப்பதால் இன்னொருத்தி தங்கச்சிமடத்துக்காரி. சாயல்குடிச் சொந்தம் என்னுடையது. அப்பாவின் பெரியப்பா மகள், எனக்கு அத்தை. அவரை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு காதுகுத்து வீட்டில். அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்.

அருப்புக்கோட்டை, பெருநாழி வழியாக வந்தோம். வழியெல்லாம் மிளகாய்ப் பழம் காய்கிறது. களத்தில் இடம் போதாத இடங்களில் ரோட்டோரத்திலேயே பரப்பியிருக்கிறார்கள். ராமநாதபுரம் குண்டு மிளகாய் இதுதான். சந்தையில் முண்டு வத்தல் என்பார்கள். உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, மாசி பங்குனியில் பறிக்கிறார்கள். ஜன்னலை இறக்கியதும் நெடி ஏறி எல்லோரும் தும்மினோம். மிளகாய்க் காடு இல்லாத இடமெல்லாம் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். எவ்வளவு வெட்டினாலும் மறுபடி தழைத்துவிடுகிறது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும், "வாங்க மருமகளே" என்று அத்தை ஓடி வந்தார். என் தோழிகளையும் அப்படியே, ஆளுக்கொரு முறை கையைப் பிடித்து அழைத்தார். உள்ளே போனதும் முதலில் செம்பில் தண்ணீர். அப்புறம்தான் பேச்சு. இந்தப் பக்கத்தில் அந்தச் செம்புத் தண்ணீருக்கு மதிப்பு உண்டு. வரும் வழியில் பார்த்தோம், நாலைந்து குடம் வைக்கிற மாதிரி தகரத்தில் அடித்த சின்னத் தள்ளுவண்டியைப் பெண்கள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அத்தை வீட்டிலும் திண்ணையை ஒட்டி அந்த வண்டி நிற்கிறது. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. குடிக்கிற தண்ணீர் தனி, புழங்குகிற தண்ணீர் தனி. முகம் கழுவ எந்தத் தொட்டி என்று அத்தை பையன் காட்டினான்.

அப்புறம் விசாரணை ஆரம்பித்தது. நீ யார் வீட்டுப் பிள்ளை, அம்மாவுக்கு எந்த ஊர், அங்கே யாரைத் தெரியும் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மதுரைக்காரிக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அவள் அம்மாச்சி ஊரான வத்திராயிருப்புக்குக் கருப்பட்டி வியாபாரத்துக்குப் போன தன் கொழுந்தனைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் அத்தைக்குத் திருப்தி.

கீழக்கரைக்காரி நோன்பு பிடித்திருப்பது அப்போதுதான் பேச்சில் வந்தது. பயணத்தில் இருப்பவர்களுக்கு நோன்பில் விலக்கு உண்டு, அப்புறம் பிடித்துக்கொள்ளலாம். அவள்தான் விடவில்லை. அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் மாமாவிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் மாமா பனையிலிருந்து இறக்கிய பதனீர், சரியாக அவள் நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பனையோலைப் பட்டையில் வந்தது. போனில் நேரம் பார்த்துக்கொண்டு பட்டையைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். குடித்து முடித்ததும், "காலையில எத்தனை மணிக்கு சோறு வேணும்?" என்று அத்தை கேட்டார். நாலு மணிக்கு என்றாள். அலாரம் வைத்துவிட்டார்.

வெள்ளி இரவு, கீழக்கரை

சொன்னபடியே நாலு மணிக்கு அத்தை சுடுசோறும் முட்டைக் குழம்பும் வைத்துவிட்டார். எங்களையும் எழுப்பச் சொல்லியிருந்தோம். விடியும் முன்னே விடிலிக்குப் போனோம். பனங்காட்டுக்கு நடுவே ஓலையால் வேய்ந்த குடில்தான் விடிலி. கருப்பட்டி அங்கேதான் காய்ச்சுகிறார்கள்.

மாமாவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. இடுப்பில் அருவாள் வைக்கிற அருவாப்பெட்டி, இரண்டு காலையும் கோர்த்துக்கொள்கிற தளைநார். முருக்குத்தடியைப் பனையில் சாய்த்து முதல் எட்டு வைத்ததும் அவர் ஏறுவதைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டே போக வேண்டியிருந்தது. மேலே போய்ப் பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். சுண்ணாம்பு இருப்பதால்தான் சொட்டுகிற சாறு புளித்துக் கள்ளாகாமல் பதனீராக நிற்கிறது. சீவாவிட்டால் பாளை வற்றிவிடும். அதனால் சீசனில் காய்ச்சல், கல்யாணம் என்று எது வந்தாலும் காலையும் மாலையும் அதே மரங்களில் ஏறி இறங்க வேண்டும். ஆண் பனையை அலகுப்பனை என்றும் பெண் பனையைப் பருவப்பனை என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் பதனீர் உண்டு, பாளையைப் பதப்படுத்துகிற விதம்தான் வேறு.

ஏறுவது மாமா என்றால் அடுப்பு முழுக்க அத்தை பொறுப்பு. தாச்சி என்கிற பெரிய சட்டியில் பதனீரை ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் போட்டு எரித்துக்கொண்டே இருக்கிறார். பொங்கும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுகிறார், அடங்கிவிடுகிறது. வெள்ளையாக இருந்தது பழுப்பாகி, கெட்டிப்பட்டுக் கூப்பதனியாகி, பாகாகும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கடைசியில் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தார். கையெல்லாம் தழும்பு. கருப்பட்டி விலை அதிகம் என்று இனிமேல் யாராவது என்னிடம் சொன்னால் அந்தத் தழும்புகளைப் பற்றிச் சொல்வேன். கலப்படம் இல்லாத கருப்பட்டிக்கு அந்த விலையும் குறைவு. பனை ஏற ஆளே இல்லை என்றார் மாமா. அவருடைய மகன் திருப்பூரில் இருக்கிறான், சின்னவன் ஐடிஐ படிக்கிறான்.

கிளம்பும்போது நாலு ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி கட்டித் தந்தார் அத்தை. ஒவ்வொன்றும் யார் வீட்டுக்கு என்று பிரித்துச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு ஒன்று, மதுரைக்காரி வீட்டுக்கு ஒன்று, நாங்கள் தங்கப்போகிற, அவர் பார்த்தே இராத இரண்டு வீடுகளுக்கு இரண்டு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாலிநோக்கம் பிரிவில் இறங்கி உப்பளங்களைப் பார்த்தோம். வெயில் ஏறிவிட்டதால் நிற்க முடியவில்லை.

ஏர்வாடியில் தர்காவுக்குப் போய்வந்தோம். மனநலம் சரியில்லாதவர்களைக் குணமாக வேண்டி அழைத்துவந்து மாதக்கணக்கில் தங்க வைக்கிற வழக்கம் இங்கே வெகுகாலமாக உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இந்த ஊரில் ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அப்படிப்பட்ட காப்பகங்களை மூடினார்கள். அந்த 28 பேரும் யாரோ ஒரு வீட்டின் அண்ணன், அக்கா, மகள். இரண்டு நாளாக எங்களைத் தெரியாதவர்கள்கூட உறவு கண்டுபிடித்துச் சோறு போடுகிறார்கள். சொந்த வீட்டார் விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி அங்கே நின்று நினைத்தபோது யாருக்கும் பேச வரவில்லை. வண்டியில் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.

கீழக்கரையில் ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு நிறைய வெள்ளைச் சட்டைகள். கீழக்கரைக்காரியின் உம்மாவுக்குச் சாச்சி, அதாவது சித்தி, மகள்தான் இந்த வீட்டுக்காரர். இவளுக்கும் சாச்சி முறை. நாங்களும் சாச்சி என்றே கூப்பிட்டோம். இங்கே கல்யாணமானதும் பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீட்டை மகளுக்குக் கொடுப்பது வழக்கம். அதனால் ஒரே தெருவில் அக்கா தங்கைகள் வரிசையாக இருக்கிறார்கள். ஒரு லாத்தா வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் இன்னொரு லாத்தா வீடு. ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். முன்பு சங்கும் முத்தும் ஏற்றிக் கடல் தாண்டிப் போன ஊர் இது. போவதும் வருவதும் இவர்களுக்குப் பழக்கமானது.

நாங்களும் நோன்பு திறக்கிற வரை காத்திருக்கிறோம் என்றோம். சாச்சி கேட்கவே இல்லை. "வழிநடந்து வந்த பிள்ளைக பசியோட இருக்கக் கூடாது" என்று எங்கள் மூவருக்கும் மதியமே சோறு போட்டார். நோன்போடு, உப்புக்கூடப் பார்க்காமல் சமைத்த மீன் குழம்பு. உப்பு சரியாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் தொதல் கிண்டினார்கள். கீழக்கரை என்றால் தொதல்தான் நினைவுக்கு வரும். அரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரை அல்லது கருப்பட்டி. பெரிய சட்டியில் மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும், நடுவில் கை ஓயக் கூடாது. பாலில் உள்ள எண்ணெய் பிரிந்து, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போதுதான் பதம். இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் இதே பெயரில் இதே பண்டம் உண்டு. வேறு நாளாயிருந்தால் சர்க்கரை போட்டிருப்பாராம். என் அத்தை கொடுத்த கருப்பட்டியைக் கையில் எடுத்து மோந்து பார்த்த சாச்சி, "இது நல்ல சரக்கு, இதிலேயே கிண்டிருவோம்" என்று சொல்லிவிட்டார். கொழுந்தியாளும் மகளும் மாறி மாறிக் கிண்ட, எங்களுக்கும் ஆளுக்குப் பத்து நிமிஷம் கரண்டி கிடைத்தது. தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. காலையில் கருப்பட்டி காய்ச்சிய கையும் இப்போது தொதல் கிண்டுகிற கையும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அத்தைக்கு போட்டோ அனுப்பினேன். "அந்த அம்மாகிட்ட பேசணுமே" என்று உடனே வீடியோ காலில் வந்துவிட்டார். சாச்சியும் அவரும் அரை மணி நேரம் பேசினார்கள்.

சாயங்காலம் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், வடை, நோன்புக் கஞ்சி. தேங்காய்ப் பாலும் கீமாவும் வெந்தயமும் சேர்ந்த கஞ்சி, எத்தனை கோப்பை குடித்தாலும் கனம் தெரியவில்லை. அதன் பிறகு தெருவெல்லாம் இரவு சந்தை மாதிரி கலகலப்பு. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. சேதுபதி மன்னருக்கு நெருக்கமானவர். பழைய பள்ளிவாசலின் கல்தூண்களை வெளியில் நின்று பார்த்தோம். திருப்புல்லாணிக் கோயிலில் தூண் செதுக்கிய சிற்பிகளின் வேலை போலவே இருக்கிறது.

சனி இரவு, தங்கச்சிமடம்

காலையில் திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாளையும் தர்ப்பையில் சயனித்திருக்கும் ராமரையும் தரிசித்தோம். பாயசப் பிரசாதத்தைக் கீழக்கரைக்காரி சாயங்காலத்துக்கு என்று டப்பாவில் வாங்கி வைத்துக்கொண்டாள். ராமநாதபுரம் டவுனில் பெட்ரோல், பஞ்சர். மதியம் மண்டபம் தாண்டிப் பாம்பன்.

பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இருந்தாலும் சாலைப் பாலத்தின் உச்சியில் நின்று கீழே பார்த்தால் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு பக்கம் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், நடுவில் கத்திரி போல் திறந்து கப்பலுக்கு வழிவிட்டது. 2022 கடைசியோடு அதில் ரயில் ஓடுவது நின்றுவிட்டது. பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல் மேலே ஏறுகிறது. நாங்கள் நிற்கிற சாலைப் பாலம் 1988இல் வந்தது. அதற்கு முன் தீவுக்குள் போக ரயிலும் படகும்தான். காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. ரொம்ப நேரம் நிற்க விடவில்லை, போலீஸ்காரர் விசிலடித்து அனுப்பிவிட்டார்.

தங்கச்சிமடம் தெருக்களில் மல்லிகை நாற்றுப் பதியங்கள். இங்கிருந்துதான் பல மாவட்டங்களுக்கு மல்லிகை நாற்று போகிறது. மணல் மண்ணில் கடல் ஓரத்தில் மல்லிகை இப்படி வரும் என்று எனக்குத் தெரியாது.

தங்கச்சிமடத்துக்காரியின் பெரியம்மா வீட்டில் தவக்காலம். ஈஸ்டர் வரை கறி கிடையாது, மீன் உண்டு. இந்த வருஷம் ரம்ஜானும் தவக்காலமும் ஒரே சமயத்தில் வந்திருக்கிறது. பெரியப்பாவுக்கு நாட்டுப்படகு. வாடைக் காற்று ஓய்ந்துவிட்டது, கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை, கடல் இப்போது தோதாக இருக்கிறது என்றார். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல் என்று இங்கே சொல்கிறார்கள். ஒன்று சாந்தம், ஒன்று அலை. காற்று திரும்பினால் அதுவும் மாறும்.

பெரியப்பா இந்த முறை கச்சத்தீவு அந்தோனியார் பெருவிழாவுக்குப் போய்வந்தவர். 1974 ஒப்பந்தத்தில் அந்தத் தீவு இலங்கைக்குப் போனது. தவக்காலத்தில் வருகிற அந்தத் திருவிழாவுக்கு மட்டும் இரண்டு நாட்டுப் பக்தர்களும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் போய்க் கூடுகிறார்கள். முதல் நாள் கொடியேற்றம், சிலுவைப் பாதை, தேர். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் படகேற வேண்டும். பெரியம்மாவின் அம்மாவுக்குச் சித்தி ஒருவரை மன்னார் பக்கம் பேசாலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சித்தியின் பேரனைப் பெரியப்பா ஒவ்வொரு திருவிழாவிலும் அங்கே பார்ப்பார். மணலில் பாய் விரித்து ஒரு ராத்திரி பேசுவார்கள். இங்கிருந்து கைலியும் சேலையும் போகும், அங்கிருந்து தேயிலையும் சோப்பும் வரும். "மதுரையில இருக்கிற சொந்தத்த வருஷத்துக்கு ஒருக்க பார்க்க முடியுது. அங்க இருக்கிறவன பார்க்க அந்தோனியார்தான் வழிவிடணும்" என்றார்.

நாளைக்குப் பெரியம்மாவின் அம்மாவான அம்மாச்சியையும் தனுஷ்கோடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். அவராகவே கேட்டார்.

ஞாயிறு இரவு, தங்கச்சிமடம்

அம்மாச்சி பிறந்தது தனுஷ்கோடியில். 1964இல் அவருக்கு ஒன்பது வயது. காலைத் திருப்பலி முடிந்ததும் முன் சீட்டில் அவரை உட்காரவைத்தோம்.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது 2017இல். அதற்கு முன் மணலில் வேன்தான். சாலையின் இரண்டு பக்கமும் கடல் நெருங்கி வர வர அம்மாச்சி பேச ஆரம்பித்தார். ஸ்டேஷன் எங்கே, தபால் ஆபீஸ் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று கையை நீட்டிக்கொண்டே வந்தார். சென்னை எழும்பூரில் ஏறினால் போட் மெயில் நேரே இங்கே வந்து நிற்கும். இறங்கியவர்கள் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள், அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். முப்பது கிலோமீட்டர் சுமார் கடல், அவ்வளவுதான். அவருடைய சித்தி பேசாலையிலிருந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்ததும் அந்தக் கப்பலில்தான். "காலையில கப்பலேறுனா மத்தியானம் சித்தி வீட்ல சோறு திங்கலாம்" என்றார்.

1964 டிசம்பர் 22, புயலடித்த இரவு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்குப் பகலெல்லாம் காத்து. ராத்திரி படுத்துட்டோம். பாய் நனையுதேன்னு அம்மா எந்திரிச்சாக. பார்த்தா வீட்டுக்குள்ள தண்ணி. அப்பா என்னையத் தோள்ல போட்டுக்கிட்டு மணல் மேட்டுக்கு ஓடுனாரு. தம்பி அம்மா இடுப்புல. விடியிற மட்டும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நின்னோம். விடிஞ்சு பார்த்தா ஊரைக் காணோம்."

தம்பியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை.

அதே இரவில்தான் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த நூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்களும் அடித்துக்கொண்டு போயின. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் அதைச் சரிசெய்தார்கள். பின்னாளில் கொங்கண் ரயில்பாதை கட்டியவரும் டெல்லி மெட்ரோவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பாலம் திரும்பி வந்தது, தனுஷ்கோடி வரவில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் ஓடி, 1980களில் இலங்கையில் சண்டை தொடங்கியபோது அதுவும் நின்றது.

மாதா கோயிலின் சுவர்கள் பவளப் பாறைக் கல்லால் கட்டியவை, இன்னும் நிற்கின்றன. அம்மாச்சிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கேதான். பீடம் இருந்த இடத்துக்கு நேராக நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் ஜன்னல் வளைவில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. தங்கச்சிமடத்துக்காரி போய் இறங்கச் சொன்னாள், இறங்கிவிட்டார்கள். அந்த இரவில் செத்தவர்களில் பலருக்குக் கல்லறை கிடையாது. இங்கே வருகிறவர்கள் அந்தச் சுவர்களில் ஏற வேண்டாம், பாட்டிலும் பிளாஸ்டிக்கும் போட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிப்பவர்கள் தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள்.

இங்கே இன்னும் சில மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கின்றன. சங்கு, பாசிமணி விற்கிற ஒரு அக்கா அம்மாச்சியைப் பார்த்ததும், "தங்கச்சிமடத்துப் பெரியாத்தாவா?" என்று அடையாளம் கண்டுகொண்டார். ஊற்றுத் தண்ணீர் கொடுத்தார். இரண்டு கடலுக்கு நடுவே, மணலைச் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேலே மிதந்து நிற்பதால் அப்படி. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். சாயல்குடியில் தள்ளுவண்டியில் தண்ணீர் தள்ளிய பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அரிச்சல்முனையில் என் போனுக்கு இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வந்தது. கண்ணுக்கு இலங்கை தெரியவில்லை. அம்மாச்சி தலைமன்னார் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை, அவரே கை காட்டினார். பேசாலைக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தோம். அந்தப் பக்கம் பேரன் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். "நானும் கரையிலதான் நிக்கிறேன் அம்மாச்சி" என்றான்.

ஐந்து மணிக்குள் திரும்பிவிட்டோம். கீழக்கரைக்காரி நோன்பு திறக்கப் பெரியம்மா ரவைக் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். யாரிடமோ போனில் கேட்டுச் செய்தாராம்.

திங்கள், மண்டபம் வழியாக மதுரை

காலையில் வண்டி நிறைய மூட்டை. நகரைக் கருவாடு, நெத்திலிக் கருவாடு, மல்லிகை நாற்று, மிச்சத் தொதல். அதோடு அம்மாச்சி ஒரு தூக்குவாளியில் கணவாய்த் தொக்கும் ஒரு சேலையும் கொடுத்து, மண்டபம் முகாமில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். சித்தியின் மகள் 1990இல் குடும்பத்தோடு படகில் தப்பி வந்து அங்கே தங்கியவர். அவர் இறந்துவிட்டார், மகளும் பேத்தியும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மண்டபம் முகாம், வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைத் தங்கவைத்துப் பரிசோதித்து அனுப்பிய இடம். அப்புறம் அங்கிருந்து திரும்பி வந்தவர்களை வைத்தார்கள், 1983க்குப் பிறகு அகதிகளை. வெளியாட்கள் சும்மா உள்ளே போக முடியாது. போன் செய்ததும் பேத்தி வாசலுக்கு வந்தாள். எங்கள் வயதுதான், சுடிதார், தோளில் பை, காலேஜுக்குக் கிளம்பி நின்றாள். தங்கச்சிமடத்துக்காரி முறை எண்ணிப் பார்த்து அக்கா தங்கச்சிதான் என்று முடிவு சொன்னாள். யார் அக்கா என்று பிறந்த மாதம் வரை பார்த்தார்கள். பேத்திதான் மூத்தவள்.

அவள் பிறந்தது இந்த முகாமில். பேசாலையைப் பார்த்ததில்லை. அங்கிருக்கும் உறவினர்களைப் போனில் தெரியும். இங்கே பிறந்தும் இந்தியக் குடியுரிமை இல்லை. பி.காம் கடைசி செமஸ்டர், ராமநாதபுரத்தில் படிக்கிறாள். பஸ் வந்துவிடும் என்பதால் அவளை ஆம்னியில் ஏற்றிக்கொண்டோம். ராமநாதபுரம் வரை எங்கள் ப்ராஜெக்டைப் பற்றியும் மதுரையில் வாடகை எவ்வளவு, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்றும் கேட்டுக்கொண்டே வந்தாள். எம்.காம் மதுரையில் படிக்க ஆசை. முகாம் அடையாள அட்டையை வைத்து அட்மிஷன் கிடைக்குமா, ஹாஸ்டலில் சேர்ப்பார்களா, அனுமதிக் கடிதம் எந்த ஆபீஸில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும். மதுரைக்காரியின் அம்மா, ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் எங்கள் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

கேள்விகளை நோட்டில் எழுதி வாங்கியிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குக் கல்லூரி அலுவலகம் திறந்ததும் நானும் தங்கச்சிமடத்துக்காரியும் போய்க் கேட்கிறோம். இதில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.